மேக்கின் பீட்டா பதிப்பைப் பார்க்க ஆசையா? தனி வால்யூமில் போடுங்கள்

ஜூன் பள்ளி விடுமுறை நேரத்தில் ஆப்பிள் மேக் கணினியின் புதிய இயங்குதளத்தை, அதாவது மேக் ஓஎஸ்ஸை, அறிவிக்கும். அதன் முன்னோட்டமான பீட்டாவை, அதாவது சோதனைப் பதிப்பை, உடனே பார்க்க ஆசை வரும். பார்க்கலாம், தினமும் வேலை செய்யும் வால்யூமில் (சேமிப்பு வட்டில் ஒரு தனி அறை போன்றது) மட்டும் வேண்டாம்.

முதலில் பேக்கப். அப்புறம் மேக்கிலேயே இருக்கும் டிஸ்க் யுட்டிலிட்டி செயலியில் புதிய ஏபிஎஃப்எஸ் (ஆப்பிளின் கோப்பு முறை) வால்யூம் ஒன்றைச் சேருங்கள். வட்டைப் பிரித்து ஒதுக்க வேண்டியதில்லை; இரண்டு வால்யூமும் காலி இடத்தைப் பகிர்ந்துகொள்ளும். அதில் இப்போதைய மேக் ஓஎஸ்ஸை நிறுவி, அதிலிருந்தே மேக்கைத் தொடங்கி (பூட் செய்து), சாஃப்ட்வேர் அப்டேட்டில் பீட்டாவைத் தேர்ந்தெடுங்கள். பிடிக்காவிட்டால் வால்யூமை அழித்தால் இடம் திரும்பக் கிடைத்துவிடும். பீட்டா வால்யூமில் உங்கள் வழக்கமான ஐகிளவுட் கணக்கைச் சேர்க்காதீர்கள்; அங்கே ஒரு படம் அழிந்தால் கைப்பேசியிலும் அழியக்கூடும்.

முதல் நாளே ‘மெதுவாக இருக்கிறது’ என்று முடிவு கட்டாதீர்கள். மேக்கின் தேடல் வசதியான ஸ்பாட்லைட் பின்னணியில் கோப்புகளை அட்டவணைப்படுத்தும்போது மேக் சூடாகும், பேட்டரியும் இறங்கும். ஓரிரு நாள் விடுங்கள்.

நமக்கு முக்கியமான சோதனை தமிழ்தான். அஞ்சல், தமிழ்99 ஆகிய இரண்டு தமிழ் விசைப்பலகைகளிலும் ‘கொ’, ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ தட்டிப் பாருங்கள். பழைய தமிழ் பிடிஎஃப் ஒன்றில் ஒரு சொல்லைத் தேடுங்கள். கொம்பும் காலும் பிரிந்து நின்றால் ஆப்பிளுக்குக் குறைகளைத் தெரிவிக்கும் ஃபீட்பேக் அசிஸ்டென்ட் செயலியில் திரைப்படத்தோடு அல்ல, திரைப்பிடிப்போடு எழுதுங்கள். நாம் சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள்?

பிள்ளைகள் பாடத்துக்காகப் பள்ளிக்குக் கொண்டுபோகும் கணினியில் மட்டும் இதைச் செய்யவே வேண்டாம்.