20,000 ஹெர்ட்ஸ் கேட்டால் காது நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

"உங்கள் காதுக்கு எத்தனை வயது?" என்ற தலைப்பில் யூடியூபில் வரும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். 20 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 20 அதிர்வு) தொடங்கி 20,000 ஹெர்ட்ஸ் வரை ஒரு விசில் சத்தம் ஏறிக்கொண்டே போகும், எந்த எண்ணில் கேட்பது நின்றதோ அதைக் கமெண்டில் போடச் சொல்வார்கள். பொழுதுபோக்காகச் செய்து பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் அதில் வந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு "எனக்குக் காது பிரமாதம்" என்று இருந்துவிடுவதும் தவறு, "13,000க்கு மேல் ஒன்றுமே கேட்கவில்லையே" என்று பயந்து போவதும் தவறு.

20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தது இளம் வயதில் நல்ல நிலையில் உள்ள காதுக்கான எல்லை. வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கிக்கொண்டே வரும், நாற்பதைத் தாண்டியவருக்கு 15,000 கேட்காமல் போவது சகஜம். உள்காதில் நத்தைக்கூடு மாதிரி சுருண்டிருக்கும் காக்ளியாவில் உயர்ந்த சுருதி ஒலிகளுக்கான இடம் நுழைவாயிலிலேயே இருக்கிறது, தாழ்ந்த சுருதிக்கான இடம் உள்ளே சுருளின் முனையில். இதைக் கண்டு சொன்ன கேயார்க் ஃபான் பெகெஷிக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது. வயசு, இரைச்சல், சில மருந்துகள் எல்லாம் பெரும்பாலும் அந்த வாசல் பக்கத்தில் ஒலியை நரம்புக்குக் கடத்தும் மயிர்செல்களைத்தான் முதலில் அடிக்கும். ஒரு காதில் மொத்தமே சுமார் 15,000 மயிர்செல்கள்தான், செத்தால் மனிதர்களுக்குத் திரும்ப முளைக்காது.

ஆனால் நாம் பேசுவதும் கேட்பதும் 16,000 ஹெர்ட்ஸில் இல்லை. பேச்சைப் புரிந்துகொள்ளத் தேவையானதில் பெரும்பகுதி 500 முதல் 4,000 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். அதனால்தான் 15,000 கேட்காத ஒருவர் யார் பேசினாலும் ஒழுங்காகப் புரிந்துகொண்டு நிம்மதியாக இருக்கிறார். நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி எத்தனை ஹெர்ட்ஸ் வரை கேட்கிறது என்பது இல்லை, 3,000, 4,000 ஹெர்ட்ஸில் எவ்வளவு மெல்லிய சத்தம் கேட்கிறது என்பதுதான். இந்த விசில் வீடியோ அதை அளப்பதே இல்லை.

இதில் கருவியின் கோளாறு வேறு. ஃபோன் ஸ்பீக்கரால் 100 ஹெர்ட்ஸைக்கூட ஒழுங்காக எழுப்ப முடியாது. 30 ஹெர்ட்ஸில் உங்களுக்கு ஏதோ கேட்டால், அது பெரும்பாலும் ஸ்பீக்கர் அதிர்ந்து தானாகக் கிளப்பிய வேறு ஒலிதான். மேலே போனால் வீடியோவைச் சுருக்கும்போதே 16,000க்கு மேற்பட்டவை பல சமயம் வெட்டப்பட்டிருக்கும், அப்புறம் ப்ளூடூத் தன் பங்குக்கு ஒரு வெட்டு. ஆக, கேட்காதது உங்கள் காதா, ஃபோனா, இயர்பட்ஸா என்று சொல்லவே முடியாது. இன்னொன்று, எல்லா ஒலியும் ஒரே அளவில் வந்தாலும் நம் காதுக்கு 2,000 முதல் 5,000 வரைதான் பலமாகக் கேட்கும், இரண்டு ஓரமும் மெலிந்துதான் ஒலிக்கும். காதின் இயல்பே அது.

இதில் ஆபத்தான தவறு, கேட்கவில்லையே என்று வால்யூமை முழுசாக ஏற்றுவது. உங்களுக்குக் கேட்காத 17,000 ஹெர்ட்ஸ் ஒலியும் காதுக்குள் அதே சக்தியோடுதான் போகிறது. ஹெட்ஃபோனில் அப்படி ஏற்றி வைத்துவிட்டு வீடியோவைத் திரும்ப 3,000க்கு இழுத்தால் ஆணி அறைந்த மாதிரி இருக்கும். வால்யூமை ஒருமுறை பேச்சு வசதியாகக் கேட்கும் அளவில் வையுங்கள், பிறகு தொடவே தொடாதீர்கள்.

வீட்டில் இருந்தே ஏதாவது பார்க்க வேண்டுமென்றால் உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஹியர்டபிள்யூஎச்ஓ என்ற செயலி எவ்வளவோ மேல். பின்னால் இரைச்சல் ஓட, நடுவில் மூன்று மூன்று எண்களாகச் சொல்வார்கள், கேட்ட எண்களை அழுத்த வேண்டும். கல்யாண மண்டபத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது புரிகிறதா என்ற கேள்விக்குப் பக்கத்தில் வரும் சோதனை அதுதான். அதிலும் மதிப்பெண் குறைந்தால் ஆடியோமெட்ரிக்குப் போய்விடுங்கள்.

ஆடியோமெட்ரி என்பது சத்தம் புகாத அறையில் ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாக 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை எவ்வளவு மெல்லிய ஒலி கேட்கிறது என்று அளப்பது. ஃபேன் ஓடும், ஆள் நடமாடும் கடை மூலையில் மெஷினை வைத்து ஐந்து நிமிடத்தில் "இலவச பரிசோதனை" செய்து கொடுப்பதை நம்பி ஆயிரக்கணக்கில் செலவழிக்காதீர்கள். காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு கருவியை வைத்தும் பார்த்தார்களா என்று கேளுங்கள். அதைச் செய்தால்தான் கோளாறு வெளிக்காது, நடுக்காது பக்கமா, இல்லை உள்காது நரம்பா என்று பிரித்துச் சொல்ல முடியும். நடுக்காதில் நீர் கோத்திருப்பது, செவிப்பறையில் ஓட்டை, குட்டி எலும்பு இறுகிப்போவது இதெல்லாம் மருந்திலோ அறுவை சிகிச்சையிலோ பெரும்பாலும் சரிசெய்யக் கூடியவை. அதைப் பார்க்காமலே காது மெஷின் மாட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

ரிப்போர்ட்டை வாங்கி சராசரியை மட்டும் பார்ப்பது அடுத்த தவறு, என் கணக்கில் பெரிய தவறு. ஓர் உதாரணம் சொல்கிறேன். 500 ஹெர்ட்ஸில் 15 டெசிபல், 1,000த்தில் 20, 2,000த்தில் 30, 4,000த்தில் 65 என்று ஒருவருக்கு வந்திருக்கிறது. எண் ஏற ஏற இழப்பு அதிகம் என்று அர்த்தம். முதல் மூன்றின் சராசரி எடுத்தால் 22 கூட வராது. 25 வரை நார்மல் என்ற பழைய கணக்குப்படி "காது நார்மல்" என்று எழுதிவிடலாம். ஆனால் 4,000த்தில் 65 என்றால் ச, த, க, ப மாதிரி எழுத்துகளின் கூர்மை அவருக்குப் போய்ச் சேரவே சேராது. உயிரெழுத்தெல்லாம் கணீரென்று கேட்கும், "சட்டை" என்றார்களா, "கட்டை" என்றார்களா, "பட்டை" என்றார்களா என்று மட்டும் தெரியாது. "சத்தம் கேக்குது, வார்த்தைதான் புரியல" என்று அவர் சொல்வது அப்பட்டமான உண்மை. வீட்டில் உள்ளவர்கள் "வேணும்னா கேக்குது, வேண்டாட்டி கேக்கல" என்று சொல்லி அவரைப் புண்படுத்துவார்கள். ரிப்போர்ட்டில் கோடு எங்கே திடீரென்று சரிகிறது என்று பாருங்கள், வலது காதைச் சிவப்பு வட்டத்திலும் இடது காதை நீலப் பெருக்கல் குறியிலும் போட்டிருப்பார்கள். டெசிபலைச் சதவீதம் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. 40 டெசிபல் இழப்பு என்றால் 40 சதவீதம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. மாற்றுத்திறனாளி சான்றிதழில் வரும் சதவீதம் தனிக் கணக்கு, 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு காதிலும் 60 டெசிபலோ அதற்கு மேலோ இழப்பு இருந்தால்தான் அந்தப் பேச்சே வரும்.

காலையில் எழும்போது ஒரு காது மட்டும் திடீரென்று அடைத்துப் போயிருந்தால், "சளி பிடிச்சிருக்கும், அழுக்கா இருக்கும்" என்று ஒரு வாரம் ஓட்டிவிடாதீர்கள். மூன்று நாளைக்குள் சட்டென்று இறங்கும் நரம்பு சார்ந்த இழப்பு என்று ஒன்று உண்டு, அது அவசர சிகிச்சைக்கு உரியது. ஸ்டீராய்டு கொடுத்தால் திரும்புவதற்கு வாய்ப்பு இருக்கிறது, அதையும் முதல் சில நாட்களிலேயே, அதிகம் போனால் இரண்டு வாரத்துக்குள் தொடங்க வேண்டும். அழுக்கா நரம்பா என்பதை ஈஎன்டி மருத்துவர் காதுக்குள் பார்த்தும் ட்யூனிங் ஃபோர்க்கைத் தட்டி வைத்தும் அங்கேயே ஓரளவு சொல்லிவிடுவார். அன்றைக்கே போய்விடுங்கள்.

பட்ஸ், ஊக்கு, கோழி இறகு, வண்டிச் சாவி என்று கையில் கிடைத்ததை எல்லாம் காதுக்குள் விடுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அழுக்கு உள்ளே தள்ளப்பட்டு இறுகும், அவ்வளவுதான். காய்ச்சிய எண்ணெய் விடும் பழக்கம் அதைவிட மோசம், செவிப்பறையில் ஓட்டை இருப்பது தெரியாமல் விட்டால் நடுக்காதில் சீழ் வைக்கும்.

இரைச்சல் விஷயத்தில் நாம் காட்டும் அலட்சியம் எனக்கு உண்மையிலேயே ஆற்றாமையைத் தருகிறது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும் என்பது தொழில் பாதுகாப்பில் சொல்லும் கணக்கு. அப்படிப் பார்த்தால் 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். குமாரபாளையம், பள்ளிபாளையம், பல்லடம் பக்கம் தறிக்குடோனுக்குள் போய் நின்றால் 90 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும், அதற்குள் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் ஓட்டுகிறார்கள். என் அப்பாவும் அப்படித் தறி ஓட்டியவர்தான். அவருடைய ஆடியோகிராமில், அதாவது ஆடியோமெட்ரி ரிப்போர்ட்டின் வரைபடத்தில், 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் விழுந்திருக்கிறது, இரைச்சலில் போன காதுக்கு அது அடையாளம். அங்கே பலர் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். பஞ்சு ஏறக்குறைய ஒன்றையும் தடுக்காது. விரலால் உருட்டிச் செருகும் நுரை இயர்பிளக் சில ரூபாய்தான், சரியாகச் செருகினால் பெரிய வித்தியாசம் தெரியும். "பழகிடுச்சு, இப்ப சத்தம் தெரியறதில்ல" என்று யாராவது சொன்னால் சந்தோஷப்படாதீர்கள், காது போய்க்கொண்டிருப்பதற்கான அறிகுறி அது.

சரி, இழப்பு உறுதியாகிவிட்டது. இப்போது நடக்கும் பெரிய தவறு தள்ளிப்போடுவது. "இன்னும் அவ்வளவு மோசமில்லை" என்று வருஷக்கணக்கில் தள்ளுவார்கள், அதற்குள் விசேஷங்களுக்குப் போவதைக் குறைத்து, ஃபோனை எடுப்பதை நிறுத்தி, கூட்டத்தில் சும்மா சிரித்துத் தலையாட்டப் பழகிவிடுவார்கள். முதியவர்களின் மறதி நோய்க்கு நாம் மாற்றக்கூடிய காரணங்களில் ஒன்றாகக் கேள்விக் குறைவையும் லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக் குழு 2020இலும் 2024இலும் சேர்த்திருக்கிறது. அதைக் காட்டி "மெஷின் போட்டால் மறதியே வராது" என்று விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம், அப்படி யாரும் நிரூபிக்கவில்லை.

இன்னொன்று, ஆன்லைனில் இரண்டாயிரம் மூவாயிரத்துக்குக் கிடைக்கும் "சவுண்ட் ஆம்ப்ளிஃபயர்" வாங்கி மாட்டுவது. அது எல்லா ஒலியையும் ஒரே மாதிரி ஏற்றிவிடும். 4,000த்தில் மட்டும் இழப்பு உள்ளவருக்கு ஃபேன் சத்தமும் பாத்திரச் சத்தமும் தலையைப் பிளக்கும், வார்த்தை மட்டும் பழையபடியேதான் இருக்கும். உள்காது கெட்டவர்களுக்கு மெல்லிய சத்தம் கேட்காது, சற்றுப் பலமானால் வலிக்கும், இடையில் உள்ள வசதியான பகுதி குறுகிவிடும். "மெதுவாச் சொன்னா கேக்கல, சத்தமாச் சொன்னா ஏன் கத்துறேன்னு கோபம்" என்று வீட்டில் வரும் சண்டைக்குக் காரணம் இதுதான். ஆடியோகிராமுக்கு ஏற்ப நிரல் செய்த மெஷின்தான் வேண்டும், இரண்டு காதிலும் இழப்பு என்றால் பெரும்பாலும் இரண்டுக்கும் வேண்டும். காசு இல்லையென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள், தகுதி உள்ளவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது.

வாங்கிய வாரமே மெஷினைக் கழற்றி பீரோவில் போட்டுவிடாதீர்கள். வருஷக்கணக்கில் கேட்காத ஒலிகள் ஒரே நாளில் வந்தால் மூளைக்கு எரிச்சலாகத்தான் இருக்கும், பழகச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் ஆகும். முதலில் வீட்டில், ஒருவரோடு பேசும்போது, தினம் சில மணி நேரம். கல்யாண மண்டபமும் பஸ் ஸ்டாண்டும் கடைசியில். ஒத்துவராதபோது சகித்துக்கொள்ளாமல் மெஷினைப் பொருத்தித் தரும் கேள்வி நிபுணரான ஆடியாலஜிஸ்ட்டிடம் திரும்பத் திரும்பப் போய் மாற்றச் சொல்லுங்கள். அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறோம்.

சின்னப் பொத்தான் பேட்டரி போடும் மெஷின் என்றால், ஸ்டிக்கரைப் பிரித்து ஒரு நிமிடம் காற்றில் வைத்த பிறகு உள்ளே போடுங்கள், அது காற்றை எடுத்து வேலை செய்யும் பேட்டரி. ஸ்டிக்கரைப் பிரித்துவிட்டால் பயன்படுத்தாவிட்டாலும் தீர்ந்துபோகும், அதனால் முன்கூட்டியே நாலைந்தைப் பிரித்து வைக்கக் கூடாது. வியர்வைதான் நம் ஊரில் மெஷினுக்கு எமன். அப்பா ராத்திரி கழற்றியதும் துண்டு நுனியால் துடைத்து, பேட்டரிக் கதவைத் திறந்தபடி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்து மூடிவிடுவார். அந்த மெஷின் அடிக்கடி ரிப்பேருக்குப் போகாததற்கு அதுதான் காரணம்.

குழந்தை விஷயத்தில் ஒரே ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். தட்டைத் தட்டினோம், திரும்பிப் பார்த்தது, காது கேட்கிறது என்று முடிவு கட்டுவது. தட்டுச் சத்தம் மிகப் பலமானது, பேச்சு கேட்காத குழந்தையும் அதற்குத் திரும்பும். பிறந்த ஒரு மாதத்துக்குள் ஓஏஇ சோதனை (காதுக்குள் மெல்லிய ஒலியை அனுப்பி உள்காது பதில் தருகிறதா என்று பார்ப்பது), சந்தேகம் வந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் சிகிச்சையைத் தொடங்குவது என்பதுதான் முறை. "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று பாட்டி சொல்வதை அன்போடு கேட்டுக்கொண்டு, சோதனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். காக்ளியாவுக்குள் அறுவை சிகிச்சையில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவி தேவைப்பட்டால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்குச் செய்கிறார்கள், வயது தாண்டிவிட்டால் பலன் வெகுவாகக் குறையும்.

மிச்சம் எல்லாம் கூட இருப்பவர்கள் கையில். அடுப்படியில் இருந்து கூடத்துக்குக் கத்தாதீர்கள், பக்கத்தில் போய்ப் பேசுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் உங்கள் முகம் இருட்டில் இருக்கும், வெளிச்சம் முகத்தில் படும்படி நில்லுங்கள். கத்தினால் உதட்டசைவு கோணிப் போகும், சாதாரணக் குரலில் சற்று நிதானமாகச் சொன்னால் போதும். "பட்டை"யும் "மட்டை"யும் உதட்டில் ஒரே மாதிரிதான் தெரியும், அதனால் புரியாத வார்த்தையையே மூன்று தடவை சொல்வதைவிட "தென்னை மட்டை" என்று கூட ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் சட்டென்று பிடிபடும். புரியாமல் திரும்பக் கேட்டால் "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். அவர் திரும்பக் கேட்பதையே நிறுத்திவிடுவார். ஆண்ட்ராய்டு ஃபோனில் கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் இருக்கிறது, பேசப் பேசத் தமிழிலேயே எழுத்தாகக் காட்டும். வட்டார வழக்கிலும் கூட்டத்திலும் தடுமாறும், ஆனால் ஃபோனை நடுவில் வைத்து ஒருவர் பின் ஒருவராகப் பேசினால் சாப்பாட்டுப் பேச்சில் அவரும் கலந்துகொள்ளும் அளவுக்கு உதவும்.