பராக்கில் வேலை செய்வது எப்படி? புதிதாகப் பழகுபவர்களுக்கு

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வவுனியாவில் கலியாண வீடு. முறிகண்டியில் இருந்து மோட்டார் சைக்கிளில் வெளிக்கிட்டோம். மாங்குளம் சந்தியில் நேரே போயிருக்க வேண்டும். நான் கண்ணாடியைப் பார்த்து, சிக்னல் போட்டு, மிக ஒழுங்காக இடப்பக்கம் திரும்பினேன். அது முல்லைத்தீவு வீதி. கிழமையில் ஐந்து நாள் ஒட்டுசுட்டானுக்கு வேலைக்குப் போகிற வழி. கொஞ்சத் தூரம் போன பிறகு பின்னால் இருந்து மனைவியின் குரல்: "இஞ்சாருங்கோ, இண்டைக்கும் கந்தோரோ?"

சந்தி வரைக்கும் என்ன யோசித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கை தன்பாட்டில் ஓட்டியது, நான் எங்கேயோ இருந்தேன். இதைத்தான் எங்கள் ஊரில் பராக்கு என்கிறோம். பராக்கை ஒழிக்கிற வழி இங்கே இல்லை. ஒழிக்கவும் தேவையில்லை. கையை எங்கே அதன்பாட்டில் விடலாம், எங்கே பிடிக்க வேண்டும் என்று பிரித்துப் பழகுவதுதான் இந்தப் பாடம்.

முதலில் ஒரு விசயம். கைக்கு இருக்கிற ஞாபகம் வேறு, எங்களுக்கு இருக்கிற ஞாபகம் வேறு. அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு 1953இல் வலிப்பு நோய்க்காக மூளையில் சத்திரசிகிச்சை செய்தார்கள். அதன் பிறகு புதிதாக நடந்த எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார்: கண்ணாடியில் பார்த்துக்கொண்டு ஒரு நட்சத்திரத்தின் ஓரத்தைப் பென்சிலால் வரைய வேண்டும். நாளுக்கு நாள் கை திருந்திக்கொண்டே போனது. ஆனால் மறுநாள் கேட்டால், இதை முன்பு செய்த ஞாபகமே அவருக்கு இல்லை. பழகின வேலையைக் கை அப்படித்தான் வைத்திருக்கிறது, எங்களைக் கேட்காமலே.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: மூன்று நாளைக்கு ஒரு கொப்பி

சின்னக் கொப்பி ஒன்றைக் குசினியில் வையுங்கள். கை தவறின ஒவ்வொரு முறையும் இரண்டு வரி: என்ன செய்ய நினைத்தேன், என்ன செய்தேன். ஜேம்ஸ் ரீசன் என்ற ஆங்கிலேய உளவியலாளர் ஆட்களைக் கொண்டு இப்படித்தான் நாட்குறிப்பு எழுதுவித்தார். புதிதாகப் பழகுகிற வேலையில் அல்ல, தண்ணீர்பட்ட பாடாய்த் தெரிந்த வேலையில்தான் இந்த மாதிரித் தவறு வருகிறது என்று அதில் தெரிந்தது. ஆகவே வெட்கப்படாமல் எழுதுங்கள். என் கொப்பியின் முதல் வரி: "தேங்காய் திருவினேன். பூவைக் குப்பைக்குள் கொட்டிவிட்டுச் சிரட்டையைச் சட்டிக்குள் போட்டேன்."

படி 2: சந்தியைக் கண்டுபிடியுங்கள்

மூன்று நாள் எழுதினதை வாசித்துப் பாருங்கள். தவறுகள் வழியெல்லாம் சிதறிக் கிடக்காது. இரண்டு வேலைகள் ஒன்றாகத் தொடங்கிப் பிரிகிற இடத்தில் கூடி நிற்கும். முறிகண்டியில் இருந்து மாங்குளம் வரை கந்தோருக்கும் கலியாண வீட்டுக்கும் ஒரே பாதை. அங்கே கை பிழை விட வழியில்லை. சந்தி வந்ததும், அடிக்கடி போன பாதை கையை இழுத்துக்கொள்ளும். நீங்கள் அந்த நேரம் ஆளில்லை என்றால் அது இழுத்த பக்கம்தான்.

வீட்டுக்குள்ளும் சந்திகள் இருக்கின்றன. என் வீட்டில் மூன்று: தண்ணீர் மோட்டர் சுவிட்ச், மருந்துப் பெட்டி, படலை. அதைவிடக் கூட வந்தால், பெரிய சேதம் தருகிற மூன்றை மட்டும் எடுங்கள். எல்லாவற்றையும் பிடிக்கப் போனால் ஒன்றையும் பிடிக்க மாட்டீர்கள்.

படி 3: எதைக் கையிடம் விடலாம்?

பிழை விட்டால் திரும்பச் செய்யலாமா? செய்யலாம் என்றால் விடுங்கள். முற்றம் கூட்டுவது, கிணற்றடியில் உடுப்புத் தோய்ப்பது, வெங்காயம் உரிப்பது எல்லாம் பராக்குக்கென்றே செய்த வேலைகள்.

பயிருக்கு மருந்து கலப்பது, அம்மாவுக்குக் குளிசை எடுத்துக் கொடுப்பது, ஏ9 வீதியைக் குறுக்கே கடப்பது போன்றவற்றை விடக்கூடாது. முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றுகிறவர்களை யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு அடியும் முந்தின அடி மாதிரியே இருக்கிற வேலை அது, பராக்கு வர இதைவிட வசதியான வேலை இல்லை. அதனால்தான் அந்தத் தொழிலில் இடையிடையே ஓய்வு கட்டாயம். களைத்தால் கை தன்பாட்டில் போகத் தொடங்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

படி 4: சந்தியில் ஒரு கட்டை போடுங்கள்

"இனிமேல் கவனமாக இருப்பேன்" என்பது கட்டை அல்ல. கண்ணில் படுகிற, கையில் தட்டுகிற ஏதாவது வேண்டும். மோட்டரைப் போட்டுவிட்டு மறந்து, தாங்கி நிரம்பி, வளவெல்லாம் வெள்ளம் விட்டவன் நான். இப்போது மோட்டரைப் போட்டதும் மோட்டார் சைக்கிள் திறப்பைச் சுவிட்சுக்குப் பக்கத்து ஆணியில் கொழுவிவிடுவேன். திறப்பில்லாமல் வெளியே போக முடியாது, திறப்பை எடுக்கப் போனால் சுவிட்ச் கண்ணில் படும். அவ்வளவுதான் வித்தை.

எங்கள் வீதியிலேயே இப்படி ஒரு கட்டை இருக்கிறது. ஏ9இல் போகிறவர்கள் முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கி, கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிக்கொண்டுதான் ஏறுவார்கள். பக்திதான் காரணம். ஆனால் மணிக்கணக்காகப் பராக்கில் ஓட்டிவந்த சாரதி ஒருவர் அந்த இடத்தில் கண் விழிக்கிறார் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

படி 5: மனம் போகிற இடத்தையும் பாருங்கள்

2010இல் கில்லிங்ஸ்வேர்த், கில்பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2250 பேரிடம் கைபேசி வழியாக இடையிடையே கேட்டபோது, ஏறத்தாழ 47 வீதமான நேரம் மனம் செய்கிற வேலையில் இல்லை. அந்த நேரங்களில் சந்தோசமும் குறைவாக இருந்தது. இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. முற்றம் கூட்டும்போது வந்த யோசனைகள் இல்லாவிட்டால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். அப்படி வருகிற யோசனைகளை எழுதத்தான் அந்தக் கொப்பியின் கடைசிப் பக்கம்.

ஆனால் 2009 போரைக் கடந்து வந்தவர்கள் இருக்கிற இடம் இது. பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிற அம்மா திடீரென்று நின்றுவிடுவார், குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அப்படி இழுக்கிற பராக்கைத் தனியே விடாதீர்கள். பக்கத்தில் போய் நின்று துடைத்துக் கொடுங்கள், ஏதாவது கதையுங்கள். றேடியோவும் உதவும், ஆள் மாதிரி வராது.

படி 6: பூட்டினேனா?

படலைக்கு ஆணி வேலை செய்யாது, வாயால்தான் கட்டை போட வேண்டும். ஜப்பானில் ரயில் ஓட்டுகிறவர்கள் சமிக்ஞையை விரலால் சுட்டி, அது என்னவென்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் நகர்வார்கள். அதே மாதிரி பூட்டைத் தொட்டு "பூட்டியாச்சு" என்று சொல்லுங்கள். முதல் இரண்டு நாள் அயலட்டை சிரிக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு கிழமை போனால் இதுவும் பழகிவிடும். ஒரு நாள் வாய் "பூட்டியாச்சு" என்கிறது, திறப்பு இன்னும் சட்டைப்பையில். தவிர, இன்றைக்குப் பூட்டினதா நேற்றைக்குப் பூட்டினதா என்று குழம்பும், எல்லா நாளும் ஒரே மாதிரி என்பதால். ஆகவே கிழமையைச் சொல்லுங்கள், பூட்டைச் சொல்லுங்கள், கண்ணில் படுகிற ஒன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். நேற்று நான் சொன்னது: "செவ்வாய், பூட்டியாச்சு, வேலியில் ஓணான்." இன்றைக்கு: "புதன், பூட்டியாச்சு, முருங்கைக்குக் கீழே மாடு." பிறகு திரும்பவும் படலையைத் திறந்துகொண்டு மாட்டைக் கட்டப் போனேன்.