எண்ணெய்க்குள் ஒரே அளவு நீர்த்துளிகள்: மைக்ரோஃப்ளூயிடிக் சிப்பில் முதல் முயற்சி

மயிரிழை போன்ற வாய்க்கால்களில் திரவத்தை ஓட்டும் சிப்தான் மைக்ரோஃப்ளூயிடிக் சிப். தமிழ்நாடு-கேரள எல்லையான வாளையாருக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, கல்லூரி ஆய்வகத்தில் இதை முதன்முதலாகச் செய்யப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

வேண்டியவை: சிலுவைச் சந்திப்பு உள்ள பி.டி.எம்.எஸ். (ஒரு வகை சிலிக்கோன் ரப்பர்) சிப் (வாய்க்கால் அகலம் 50 மைக்ரான்), இரண்டு சிரிஞ்ச் பம்ப், மெல்லிய குழாய்கள், நுண்ணோக்கி, சாயம் கலந்த நீர், 2 சதவீதம் ஸ்பான் 80 (துளிகள் ஒன்றோடொன்று சேராமல் தடுக்கும் பொருள்) கரைத்த மினரல் ஆயில். மினரல் ஆயில் பி.டி.எம்.எஸ்ஸைக் கொஞ்சம் உப்பவைக்கும், பழகுவதற்குப் பரவாயில்லை. "தேங்காய் எண்ணெய் ஆகாதா சார்?" என்று பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பிள்ளைகள் கேட்காமல் விடமாட்டார்கள். ஏ.சி. அறையில் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்து குழாயை அடைத்துவிடும். வேண்டாம்.

முதலில் சிப்பைத் தயார் செய்யுங்கள். பிளாஸ்மாவில் (அயனியாக்கிய வாயுவில்) ஒட்டிய கையோடு வாய்க்கால் சுவர் தண்ணீரை இழுக்கும்; அப்போது நீர் துளியாக உடையாமல் சுவரைப் பிடித்துக்கொண்டே ஓடும். 80 டிகிரி அடுப்பில் ஓரிரு நாள் வைத்தால் சுவர் மறுபடி நீரை ஒதுக்கத் தொடங்கும். தொடக்கத்தில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இதில்தான்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதமென்றால் ஜன்னலைச் சாத்துங்கள். ஒரு தூசி போதும், சந்திப்பு அடைபட. இரண்டு திரவத்தையும் வடிகட்டியே நிரப்புங்கள்.

அப்புறம், எண்ணெயை முதலில் இரு பக்க வாய்க்கால்களிலும் விடுங்கள். காற்றுக்குமிழ் எல்லாம் வெளியேறிய பிறகு நடு வாய்க்காலில் நீரைத் திறக்கலாம். எண்ணெய் நிமிடத்துக்கு 10 மைக்ரோலிட்டர், நீர் 2 என்று தொடங்குங்கள். ஓட்டம் நிலைப்படச் சில நிமிடம் ஆகும்.

இனி நுண்ணோக்கியில் பாருங்கள். நீர் நாக்கு நீட்டியபடி சந்திப்புக்குள் வரும். இரு பக்கத்து எண்ணெயும் அதன் கழுத்தை நெரிக்கும். கழுத்து நூலாக மெலிந்து அறுந்ததும் துளி கிளம்பிவிடும். அறுந்த நூலின் மிச்சம் ஒரு குட்டித் துளியாகப் பின்னால் வரும். துளி 60 மைக்ரான் என்றால் கொள்ளளவு 113 பிகோலிட்டர் (மைக்ரோலிட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு பிகோலிட்டர்), அதாவது நீர் நிமிடத்துக்கு 2 மைக்ரோலிட்டர் ஓடும்போது நொடிக்கு ஏறக்குறைய 300 துளி. வெறும் கண்ணுக்கு வெறும் கோடாகத்தான் தெரியும். இரண்டு பம்பையும் நன்றாகக் குறைத்து, கைபேசியின் ஸ்லோமோஷனில் எடுத்தால் துளி தனித்தனியாகப் பிடிபடும்.

எண்ணெயைக் கூட்டினால் துளி சிறுக்கும். மிஞ்சினால் நீர் நீளமாகப் பீய்ச்சி, தாறுமாறான அளவில் உடையும். பாலக்காட்டு ஏப்ரல் வெயிலில் எண்ணெய் இளகும். அதே ஓட்டத்தில் துளி பெரிதாகும். ஆகவே அறை வெப்பநிலையையும் குறித்துவையுங்கள்.

பெரிய துளியையும் குட்டித் துளியையும் பிரிப்பதற்கு எளிய வழி, வாய்க்காலில் ஓர் இடுக்கு. பக்கவாட்டில் வேகமாக வரும் தூய எண்ணெய், துளிகளை எதிர்ச் சுவரோடு ஒட்டித் தள்ளும். சிறு துளியின் மையம் சுவருக்கு அருகில் இருக்கும், பெரியதன் மையம் சற்றுத் தள்ளி. இடுக்கு சட்டென விரியும் இடத்தில் அந்த இடைவெளியும் விரிந்து, இரண்டும் வேறு வேறு வழியில் போகும். அந்தக் குட்டித் துளிகளைக் கழிக்க இதுவே போதும். துளிக்குள்ளே இருப்பதைப் பார்த்துப் பிரிக்க லேசரும் உயர் மின்னழுத்த மின்முனைகளும் வேண்டும், அது பிறகு.

முடிக்கும்போது நீரை முதலில் நிறுத்துங்கள், எண்ணெய் இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்.