மைட்டர் கேஜ் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டேபிள் சாவில் (மேசையின் நடுவே சுழலும் பிளேடு நீட்டிக்கொண்டிருக்கும் மர அறுவை மெஷின்) புதிதாக வேலை பழகுகிறவர்கள் மைட்டர் கேஜ் (மரத்தை வேண்டிய கோணத்தில் பிடித்து, மேசையில் உள்ள காடி என்னும் பள்ளத்தின் வழியே பிளேடை நோக்கித் தள்ளும் கருவி) வாங்குவதைப் பார்க்கும்போதெல்லாம், ஒரு காலத்தில் நான் சறுக்கிய அதே இடங்களில்தான் அவர்களும் சறுக்குகிறார்கள் என்பது தெரிகிறது. மழுங்கிய பிளேடு, இறுக்காமல் விட்ட குமிழ், மரத்தூள் அடைத்த காடி போன்றவை யாரும் சொல்லாமலே சீக்கிரம் பிடிபட்டுவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். பிடிபடுவதற்குள் நல்ல மரத்தையும் பணத்தையும் விழுங்கிவிடும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

காடியை அளக்காமல் வாங்குதல்

முழு அளவு டேபிள் சாக்களில் மேசைக் காடி பெரும்பாலும் 3/4 அங்குல அகலமும் 3/8 அங்குல ஆழமும் கொண்டது. அதாவது சுமார் 19 மி.மீ. அகலம், 9.5 மி.மீ. ஆழம். தனியாக விற்கப்படும் கேஜ்களும் அநேகமாக இந்த அளவுக்கே செய்யப்படுகின்றன. ஆனால் தூக்கிச் செல்லக்கூடிய சிறிய மெஷின்கள் சிலவற்றில் காடி குறுகலாகவோ ஆழம் குறைந்தோ இருக்கும். இரண்டையும் அளந்து குறித்துக்கொண்ட பிறகே வாங்குங்கள். காடியில் ஓடும் கேஜின் பட்டை நுழையாவிட்டால் காடியை அரம் போட்டு அகலப்படுத்தலாம் என்று யார் யோசனை சொன்னாலும் கேட்காதீர்கள்.

தலையைப் பார்த்து மயங்கிப் பட்டையை மறத்தல்

இந்த ஒன்றைத்தான் நீட்டி எழுத வேண்டியிருக்கிறது. எத்தனை பேருக்குச் சொன்னாலும் அடுத்து வருகிறவர் இதையே செய்கிறார் என்பதால் எரிச்சலும் இன்னும் அடங்கவில்லை.

மைட்டர் கேஜில் மூன்றே பாகங்கள்தான் முக்கியம்: காடியில் ஓடும் பட்டை, கோணத்தைக் காட்டும் தலை, மரத்தைத் தாங்கிப் பிடிக்கும் முகப்பு. வாங்குகிறவரின் கண் தலையைத் தாண்டிப் போவதில்லை. கோடுகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன, எத்தனை டிகிரிகளில் தானாக நிற்கிறது, நிறம் எப்படி என்றெல்லாம் விசாரிப்பார்கள். பட்டை காடியில் எவ்வளவு ஆடுகிறது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

படச்சட்டங்கள் செய்ய விரும்பிய ஓர் இளைஞர், டிகிரிக்கு ஒரு குழி வெட்டி, டிகிரியின் சிறு பின்னங்களையும் காட்டும் வெர்னியர் அளவுகோலும் பொருத்திய விலையுயர்ந்த கேஜ் ஒன்றை வாங்கினார். முதல் சட்டத்தில் மூன்று மூலைகள் சேர்ந்தன. நான்காவது வாய் பிளந்தது. பிளேடு சரியில்லை என்று பிளேடை மாற்றினார். பிறகு தலையை இம்மியளவு நகர்த்திப் பார்த்தார். முதல் சட்டத்தில் உள்முனையில் தெரிந்த இடைவெளி அடுத்த சட்டத்தில் வெளிமுனைக்குப் போயிற்று, அதற்கடுத்ததில் திரும்பவும் உள்ளே வந்தது. கேஜைப் பாதி தூரம் வெளியே இழுத்து, முகப்பின் நுனியை இரு விரல்களால் ஆட்டிக் காட்டினேன். பட்டை காடியின் இரு சுவர்களிலும் மாறி மாறி மோதும் சத்தம் நன்றாகவே கேட்டது. அந்த ஆட்டத்தை எடுப்பதற்கென்றே பட்டையின் பக்கங்களில் சிறு திருகுகள் இருந்தன. அவர் அவற்றைத் தொட்டதே இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். காடிக்கும் பட்டைக்கும் இடையே மொத்தம் 0.3 மி.மீ. இடைவெளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பட்டையில் 300 மி.மீ. காடிக்குள் இருக்கும்போது அது ஒரு பக்கமாக ஏறக்குறைய 0.06 டிகிரி திரும்ப முடியும். இதைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அகலமான பலகையை அறுக்கத் தொடங்கும்போது தலையை நம் பக்கம் வெகுதூரம் இழுத்துவைக்கிறோம், அப்போது காடிக்குள் இருப்பது 100 மி.மீ. மட்டுமே என்றால், அதே இடைவெளி 0.17 டிகிரி வரை திரும்ப இடம் கொடுக்கிறது. பிளேடு மரத்தில் முதன்முதலாகப் பாயும் அந்த நொடியில்தான் கேஜின் பிடி மிகவும் தளர்ந்திருக்கிறது. தள்ளத் தள்ளப் பட்டை உள்ளே போய் நேராவதால், அறுத்த விளிம்பு நேர்கோடாகக்கூட இல்லாமல் லேசாக வளைந்துவிடுவதும் உண்டு.

இதில் கவனிக்க வேண்டியது, தவறின் அளவைவிட அதன் நிலையில்லாமைதான். தலை கால் டிகிரி பிசகி, எப்போதும் அதே கால் டிகிரியாகவே பிசகினால், ஒரு முறை திருத்திவிட்டு நிம்மதியாக வேலை பார்க்கலாம். ஆடும் பட்டையோ நம் கை எந்தப் பக்கம் அழுத்துகிறதோ அந்தப் பக்கம் சாய்ந்து ஒவ்வொரு முறையும் வேறொரு கோணத்தைத் தரும். அதன்மேல் எவ்வளவு நுணுக்கமான அளவுகோல் இருந்தாலும் பயனில்லை. நாற்கரச் சட்டத்துக்கு எட்டு அறுப்புகள் தேவை. எட்டிலும் 0.1 டிகிரி ஒரே பக்கமாகச் சேர்ந்தால் கடைசி மூலையில் 0.8 டிகிரி, 50 மி.மீ. அகலச் சட்டத்தில் அது கிட்டத்தட்ட 1 மி.மீ. இடைவெளியாகத் தெரியும்.

ஆகவே பட்டையைப் பார்த்து வாங்குங்கள். ஆட்டத்தை எடுக்கும் திருகுகளோ விரியும் வளையங்களோ பட்டையின் நீளம் முழுவதும் பரவி இருக்க வேண்டும். குறிப்பாக முன்நுனிக்கு அருகில் ஒன்று இருந்தே ஆக வேண்டும். பட்டை காடிக்குள் இருக்கும்போதே மேலிருந்து திருக முடிந்தால் மிகவும் வசதி, ஏனெனில் வெளியே எடுத்துத் திருகி, மறுபடி நுழைத்துப் பார்க்கும் வேலைக்குப் பொறுமை யாருக்கும் நீடிப்பதில்லை. காடியின் அகலம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. அதனால் பட்டையை முழுவதும் ஓட்டிப் பார்த்து, எங்கே மிகவும் இறுகுகிறதோ அந்த இடத்தில் வழுக்கிச் செல்லும்படி அமையுங்கள். ஆட்டமே கூடாது என்று ஒரேயடியாக இறுக்கினால் கேஜ் நின்று நின்று நகரும், கேஜ் நின்ற இடத்தில் மரம் கருகும். மெஷினோடு வந்த, திருகுகளே இல்லாத பழைய பட்டை என்றால், அதன் பக்கவாட்டில் சென்டர் பஞ்சால் (உலோகத்தில் புள்ளி குத்தும் கூர்முனைக் கருவி) தட்டிச் சிறு புடைப்புகளை எழுப்புவது தச்சர்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் வழி. அது நாளடைவில் தேயும், மறுபடி தட்டிக்கொள்ளலாம்.

குழிகளே கோணம் என்று நம்புதல்

0, 22.5, 30, 45 போன்ற இடங்களில் குழிகள் இருப்பது வேலையை விரைவாக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் தலையை நிறுத்தும் முளை குழியில் விழுந்த பிறகும் தலை சற்று அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தால், அந்தக் குழி தோராயமாக வழிகாட்டுகிறதே தவிரக் கோணத்தைப் பூட்டவில்லை. இன்னொரு தொல்லையும் உண்டு: குழியிலிருந்து இம்மியளவு விலக்கி நிறுத்த முயன்றால், இறுக்கும்போது முளை தலையைப் பழைய இடத்துக்கே இழுத்துவிடும். தேவைப்படும்போது முளையை விலக்கிவைக்க முடிகிற கேஜாக இருந்தால் இந்தப் போராட்டம் இல்லை.

பிளேடோடு மூலைமட்டம் வைத்து முடித்துக்கொள்ளுதல்

பலர் முகப்புக்கும் பிளேடுக்கும் இடையே மூலைமட்டத்தை (செங்கோணம் பார்க்கும் கருவி) வைத்து, வெளிச்சம் தெரியவில்லை என்றதும் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். மரம் பிளேடின் திசையில் நகர்வதில்லை, காடியின் திசையில்தான் நகர்கிறது. பிளேடு காடிக்கு இணையாக இல்லாவிட்டால், அந்தச் சாய்வை நீங்களே கேஜில் ஏற்றிவைக்கிறீர்கள். பிறகு கேஜ் மட்டம் என்று திட்டுவதும் நீங்களே. முதலில் காடியிலிருந்து ஒரே பல்லின் தூரத்தை முன்புறமும் பின்புறமும் அளந்து பிளேடைக் காடிக்கு இணையாக்குங்கள், அதன் பிறகு கேஜைப் பாருங்கள். மூலைமட்டத்தைப் பிளேடின் தகட்டின்மேல்தான் வைக்க வேண்டும், பக்கவாட்டில் நீட்டியிருக்கும் பல்லின்மேல் அல்ல. அந்த மூலைமட்டமே சரியானதுதானா என்பதையும் பாருங்கள்: பலகையின் நேரான விளிம்பில் வைத்து ஒரு கோடு போட்டு, அதைப் புரட்டிவைத்து அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு போட்டால், இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும்.

குட்டை முகப்போடு சமாளித்தல்

மெஷினோடு வரும் கேஜின் முகப்பு பெரும்பாலும் ஒரு சாண்கூட இருக்காது. சாய்கோணத்தில் அறுக்கும்போது பிளேடு மரத்தை முகப்பின் வழியே இழுக்கும். கை எவ்வளவு பிடித்தாலும் நழுவும், நழுவினால் கோணமும் நீளமும் சேர்ந்து கெடும். நீளமான முகப்பும், அதன்மேல் நகர்த்தி இறுக்கக்கூடிய ஸ்டாப் பிளாக்கும் (மரத்தின் முனையை ஒரே நீளத்தில் நிறுத்தும் கட்டை) உள்ளதை வாங்குங்கள், அல்லது நேராக இழைத்த கட்டை ஒன்றைத் திருகி அதன்மேல் உப்புத்தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். அலுமினிய முகப்பு என்றால் கோணத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் அது பிளேடில் மோதாத தூரத்தில் இருக்கிறதா என்று மெஷினை ஓட விடாமலே தள்ளிப் பாருங்கள்; விரல் பட்டால் பிளேடை நிறுத்தும் பாதுகாப்பு அமைப்பு கொண்ட மெஷின்களில் உலோகம் பட்டாலும் அது இயங்கி, பிளேடையும் பிரேக்கையும் ஒன்றாகப் பாழாக்கிவிடும்.

ரிப் ஃபென்ஸை நிறுத்தமாகப் பயன்படுத்துதல்

ரிப் ஃபென்ஸ் என்பது பலகையை நீளவாக்கில் அறுக்கும்போது வழிகாட்டும், பிளேடுக்கு இணையான தடுப்பு. குறுக்கே அறுக்கும்போது மரத்தின் முனையை அதில் முட்டவைத்து நீளத்தை அளப்பது ஒருபோதும் கூடாது: அறுந்த துண்டு பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் இடையே சிக்கி உங்கள்மேல் பாயும்.

90 டிகிரிக்கு மட்டும் விலையுயர்ந்த கேஜ் வாங்குதல்

காடியில் ஓடும் பட்டைகள் மேல் பலகையும் முகப்பும் பொருத்திய ஸ்லெட் ஒன்றைச் செய்துகொள்ளுங்கள்.

ஒரே துண்டை அறுத்துவிட்டு முடிவு கட்டுதல்

ஒரு துண்டில் தெரியாத பிழையை ஐந்து அறுப்புச் சோதனை பெரிதாக்கிக் காட்டும். சுமார் 400 மி.மீ. சதுர எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்த) பலகையை எடுத்து ஒரு பக்கத்தை அறுங்கள். அறுத்த பக்கத்தை முகப்போடு சேர்த்துத் திருப்பி அடுத்த பக்கத்தை அறுங்கள். இப்படி நான்கு பக்கமும் முடிந்தபின், முதலில் அறுத்த பக்கத்திலேயே ஐந்தாவதாக ஒரு மெல்லிய பட்டியை அறுத்தெடுங்கள். அந்தப் பட்டியின் இரு முனைகளின் அகலத்தையும் வெர்னியர் காலிப்பரால் அளந்து, வித்தியாசத்தை நான்கால் வகுத்தால் வருவதே அந்த நீளத்துக்கான பிழை. ஒரு முனை 20.4, மறுமுனை 20.0 என்றால், பிழை 400 மி.மீ.க்கு 0.1 மி.மீ.; இது மரவேலைக்குத் தாராளமாகப் போதும். சோதனையை மறுநாளும் செய்து பாருங்கள். விடை கணிசமாக மாறினால் தலையைத் தொடாமல் பட்டையின் திருகுகளுக்குப் போங்கள். 45 டிகிரிக்கு இந்த வழி உதவாது. அதற்குக் கழிவு மரத்தில், எதிரெதிர்ப் பக்கங்கள் சம நீளமாக இருக்கும்படி எட்டு முனைகளையும் அறுத்து, மூன்று மூலைகளை டேப்பால் இறுக ஒட்டி, நான்காவது மூலையைப் பார்க்க வேண்டும். வாங்கிய கேஜைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இரண்டு சோதனைகளையும் செய்துவிடுங்கள்.