பயிற்சி முடிந்த பிறகு விரியும் புத்தகம்: கல்லூரி விளையாட்டு வீரர்களுக்கு ஒரு படிப்பு வழிகாட்டி

மாலைப் பயிற்சி முடிந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு எட்டரை மணிக்குப் புத்தகத்தைத் திறக்கும் மாணவர் ஒருவரைக் கவனித்துப் பாருங்கள். முதல் பத்தியைப் படிக்கிறார். கண் வரியின் மேல் ஓடுகிறதே தவிரப் பொருள் உள்ளே இறங்குவதில்லை. மறுபடியும் அதே பத்திக்கு வருகிறார். மூன்றாம் முறை படிக்கும்போது தொடைத்தசை இறுகிக்கொள்ள, நாற்காலியை விட்டுக் கட்டிலுக்கு மாறுகிறார். ஒன்பதேகாலுக்கு விளக்கை அணைக்காமலேயே தூங்கிவிடுகிறார். அவருடைய கால அட்டவணையில் அந்த இரவுக்கு இரண்டு மணி நேரப் படிப்பு ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும். அவருக்கு நேரம் இருந்தது, தெம்புதான் இல்லை.

கல்லூரியில் நடுத்தொலைவு ஓட்டக்காரனாக இருந்த காலத்தில் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன். படிப்பையும் விளையாட்டையும் சேர்த்து நடத்துவது நேரத்தைப் பங்கிடுகிற வேலை என்றே எல்லோரும் எனக்குச் சொன்னார்கள். நேரத்துக்கு முன்பாகப் பங்கிட வேண்டியது உடலின் தெம்பையும் அறிவின் தெளிவையும்தான் என்பது மிகவும் பிந்தித்தான் எனக்குப் புரிந்தது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு கருத்தையே பற்றி நிற்கிறது.

முதலில் வாரத்தை எண்ணுங்கள்

வாரத்தில் இருப்பது 168 மணி நேரம். இரவுக்கு எட்டு மணி வீதம் தூக்கத்துக்கு 56 மணி போனால் மீதம் 112. கிரெடிட் முறையில் பயில்பவர்கள் வகுப்பில் செலவாகும் ஒவ்வொரு மணிக்கும் வெளியே இரண்டு மணி படிக்க வேண்டும் என்பது பல கல்லூரிகளில் வழங்கும் பொதுக் கணக்கு. ஒரு கிரெடிட் என்பது வாரத்துக்கு ஒரு மணி வகுப்பு என்று கொண்டால், 12 கிரெடிட்டுக்கு வகுப்பும் படிப்பும் சேர்த்து வாரத்துக்கு 36 மணி. பயிற்சிக்கு 20 மணி என்று வைத்துக்கொண்டாலும் இன்னும் 56 மணி மிச்சமிருப்பதாகத் தாளில் தெரியும். அந்த மிச்சத்தை நம்பித்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ.யின் விதியை எடுத்துக்கொள்வோம். போட்டிப் பருவத்தில் பயிற்சி நாளுக்கு 4 மணியையும் வாரத்துக்கு 20 மணியையும் தாண்டக் கூடாது, வாரத்தில் ஒரு நாள் விடுப்பு தர வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால் போட்டி நாள் எவ்வளவு நீண்டாலும் அந்தக் கணக்கில் 3 மணியாகவே எழுதப்படும். வெளியூர்ப் பயணமும் காயத்துக்கான சிகிச்சை நேரமும் கணக்கிலேயே வராது. விதி எண்ணாவிட்டாலும் உடல் அந்த மணிகளை எண்ணிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே நீங்கள் எந்த நாட்டில் எந்த விதியின் கீழ் விளையாடினாலும், ஒரு வாரம் முழுவதும் கையில் ஒரு சிறு குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, உடை மாற்றுவது, மைதானத்துக்கு நடப்பது, பிசியோதெரபிக்குக் காத்திருப்பது, திரும்பி வந்து துணி துவைப்பது வரை எல்லாவற்றையும் உண்மையாக எழுதுங்கள். அந்தக் குறிப்பேட்டில் ஒவ்வொரு மணிக்கும் எதிரே தெளிவு, மந்தம், களைப்பு என்ற மூன்றில் ஒன்றையும் எழுதிவையுங்கள். ஏழு நாளில் உங்களுடைய தெளிவான மணிகள் எவை என்பது தானாகவே தெரிந்துவிடும். அவை நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக இருக்கும். பலருக்கு நாளுக்கு மூன்று மணிகூடத் தேறாது.

கடினமான பாடத்துக்குத் தெளிவான மணி

அந்தக் கொஞ்ச மணிகளைக் கணக்கு, நிரூபணம், கட்டுரையின் முதல் வரைவு ஆகியவற்றுக்கு மட்டும் கொடுங்கள். பெரும்பாலோருக்கு அது காலையிலோ, இரண்டு வகுப்புகளுக்கு இடையே கிடைக்கும் வெற்று நேரத்திலோ வரும். அந்த இடைவெளியைத்தான் மாணவர்கள் நண்பர்களோடு அமர்ந்து கரைத்துவிட்டு, இரவில் ஈடுசெய்யலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். இரவுக்கென்று மேற்கோள் பட்டியல் சரிபார்ப்பது, குறிப்புகளைப் பிரதியெடுப்பது, நாளைக்கு வேண்டியதைப் பையில் எடுத்துவைப்பது போன்ற கைவேலைகளை ஒதுக்குங்கள். அதிகாலைப் பயிற்சி உள்ளவர்களுக்கு இந்த வரிசை மாறும். பயிற்சி முடிந்து உணவுண்ட ஒரு மணி நேரத்துக்குப் பின் அறிவு நன்றாக விழித்திருக்கும் என்பவர்களும் உண்டு, அப்போதே தூக்கம் கவ்வும் என்பவர்களும் உண்டு. யாருடைய பழக்கத்தையும் கடன் வாங்காமல் உங்கள் குறிப்பேட்டையே நம்புங்கள்.

படிக்கும் முறையையும் மாற்ற வேண்டும். ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையில், பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். இரண்டு நாளும் ஒரு வாரமும் கழித்து வைத்த தேர்வுகளில், புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். விளையாட்டு வீரருக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி வேறு இல்லை என்பேன். நினைவுகூர்ந்து பார்ப்பதற்கு மேசையோ அகலமான புத்தகமோ வேண்டாம். உள்ளங்கை அகல அட்டைகளில் ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் விடையும் எழுதிக்கொண்டால், காலில் ஐஸ் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இருபது நிமிடத்தில் பதினைந்து அட்டைகளைப் பார்த்துவிடலாம். தவறிய அட்டையை மறுநாளைக்கும், சரியாக வந்ததை நான்கு நாள் கழித்தும் எடுத்துப் பாருங்கள். பேருந்தில் படித்தால் தலை சுற்றுகிறது என்பவர்கள் கேள்வியைச் சொந்தக் குரலில் பதிவுசெய்து, விடைக்கு முன் பத்து விநாடி இடைவெளி விட்டு, காதில் கேட்டு மனத்துக்குள் பதில் சொல்லலாம்.

செமஸ்டர் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்

என் இரண்டாம் ஆண்டில் ஒரு வேதியியல் ஆய்வக வகுப்பைப் போட்டிக்காகத் தவறவிட்டேன். திரும்பி வந்த பிறகுதான் ஆசிரியரிடம் போய் நின்றேன். அவர் கோபப்படவில்லை, கரைசல்களையெல்லாம் கொட்டிக் கழுவியாயிற்று, இனி அடுத்த பருவத்தில்தான் அந்தச் சோதனை வரும் என்று சொன்னார். மேசையின் மேல் பியூரெட்டுகள் தலைகீழாக மாட்டப்பட்டு நீர் சொட்டிக்கொண்டிருந்தன. ஒரு வாரம் முன்னால் சொல்லியிருந்தால் வேறு பிரிவோடு சேர்ந்து செய்திருக்கலாம் என்று அவர் சொன்னபோது, தவறு முழுவதும் என்னுடையது என்று தெரிந்தது.

ஆகவே போட்டி அட்டவணை கைக்கு வந்த அன்றே பாடத்திட்டங்களையும் தேர்வுத் தேதிகளையும் அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மோதும் தேதிகளைச் சிவப்பில் வட்டமிடுங்கள். பிறகு ஒவ்வொரு பேராசிரியருக்கும் தனித்தனியாக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். அதில் சலுகை கேட்கும் தொனி வேண்டாம். “இந்தப் பருவத்தில் இரண்டு வியாழக்கிழமைகளில் அணியோடு வெளியூர் செல்ல வேண்டியிருக்கிறது. இரண்டாவது தேதியில் உங்கள் இடைத்தேர்வு வருகிறது. அதற்கு முந்தின நாளே எழுதவும் நான் தயாராக இருக்கிறேன். அணி மேலாளரின் கடிதத்தை இணைத்துள்ளேன். உங்கள் அலுவல் நேரத்தில் நேரில் வந்து பேசலாமா, ஐயா?” என்ற அளவு போதும். தேதி, மோதல், நீங்களே முன்வைக்கும் தீர்வு, சான்று ஆகிய நான்கும் அதில் வந்துவிடுகின்றன. பிறகு கண்டிப்பாக நேரில் போய் முகம் காட்டுங்கள். வகுப்பில் உள்ள நூறு பெயர்களில் ஒன்றாக இருக்கும் மாணவருக்குக் கிடைக்காத பொறுமை, முதல் வாரத்திலேயே வந்து பேசியவருக்குக் கிடைப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

பாடத் தேர்வுக்கும் இதுவே பொருந்தும். ஆய்வகமும் களப்பணியும் உள்ள பாடங்களைப் போட்டி இல்லாத பருவத்துக்குத் தள்ளுங்கள். தவறிய விரிவுரையை நண்பரின் குறிப்பிலிருந்து மீட்கலாம், தவறிய செய்முறையை மீட்க முடியாது. பட்டத்துக்கு எந்தப் பாடம் எதற்கு முன் முடிய வேண்டும் என்பதையும் முதலாண்டிலேயே வரைந்துவைப்பது நல்லது. பயிற்சிக்கு வசதியாக இருக்கிறது என்பதற்காக மட்டும் விருப்பமில்லாத துறையில் சேர்வதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஓடும் வயது குறுகியது, பட்டமோ கடைசிவரை கூட வரும்.

பயிற்சியாளரிடம் பேசுவது

இதற்குத்தான் மாணவர்கள் மிகவும் அஞ்சுகிறார்கள். தேர்வு இருக்கிறது என்று சொன்னால் அடுத்த ஆட்டத்தில் வெளியே உட்கார வைத்துவிடுவாரோ என்ற பயம் நியாயமானதுதான். அப்படிச் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் களைப்பை மறைத்துக்கொண்டு அரைத் தெம்போடு ஆடி இடத்தை இழப்பதைவிட, தேர்வு வாரங்களைப் பருவத் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுப்பது பாதுகாப்பானது. விடுப்பு கேட்பதைவிட மாற்றம் கேளுங்கள். “புதன் மாலைக்குப் பதில் வியாழன் காலை ஜிம்முக்கு வரட்டுமா, சார்?” என்ற கேள்விக்குச் சம்மதம் கிடைப்பது எளிது. அணியில் ஒரே பாடம் படிக்கும் இருவர் இருந்தால் சேர்ந்து போய்க் கேளுங்கள்.

தூக்கத்தில் கைவைக்காதீர்கள்

நேரம் பற்றாதபோது எல்லோரும் முதலில் வெட்டுவது தூக்கத்தைத்தான். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் செரி மா தலைமையிலான குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வில், கூடைப்பந்து வீரர்கள் 11 பேர் ஐந்து முதல் ஏழு வாரம் வரை இரவில் பத்து மணி நேரம் படுக்கையில் இருக்க முயன்றார்கள். அவர்களுடைய ஓட்ட வேகம் கூடியது. ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் கூடைக்குள் பந்தெறியும் வாய்ப்பில், துல்லியம் 9 விழுக்காடு உயர்ந்தது. ஆய்வு சிறியது, ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் இல்லை. ஆகவே அந்த எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் பகலில் கற்றது நினைவில் உறைவதற்குத் தூக்கம் தேவை என்பது நன்கு நிறுவப்பட்ட செய்தி. இரவு இரண்டு மணி வரை விழித்துப் படித்து ஆறு மணிப் பயிற்சிக்குப் போகிறவர், படித்ததிலும் ஒரு பகுதியை இழக்கிறார், பயிற்சியின் பலனிலும் ஒரு பகுதியை இழக்கிறார். காபியால் சமாளிக்கலாம் என்றால், உடலில் சேர்ந்த காஃபீனில் பாதி கரையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக்குக் குடித்தது பதினொரு மணிக்கும் பாதி மிச்சமிருக்கும். பகலில் இருபது நிமிடம் கண்ணயர்வது அதைவிட மேல்.

ரோஜர் பானிஸ்டரை இங்கே நினைத்துக்கொள்கிறேன். ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடிய முதல் மனிதரான அவர் அப்போது லண்டனில் மருத்துவ மாணவர். 1954 மே 6 அன்று காலை மருத்துவமனைக்குப் போய்விட்டு, ரயிலேறி ஆக்ஸ்ஃபோர்டு சென்று, மாலையில் 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடினார். அவருடைய பயிற்சியின் பெரும்பகுதி மதிய இடைவேளைக்குள் அடங்கியது. இன்றைய பயிற்சியின் அளவு அதைப்போலப் பல மடங்கு என்பதால் அவரை அப்படியே பின்பற்ற முடியாது. எதற்காக ஓடுகிறோம் என்று தெரிந்து ஓடும் குறுகிய பயிற்சியும், எதற்காகப் படிக்கிறோம் என்று தெரிந்து படிக்கும் குறுகிய படிப்பும் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

அடிபட்டால்

தசைப் பிடிப்போ எலும்பு முறிவோ ஏற்பட்டால், பயிற்சியிலிருந்து விடுபட்ட மணிகளைப் படிப்புக்குக் கொடுக்கலாம். அணியை விட்டுத் தனித்திருக்கும் சோர்வுக்கும் அது ஓரளவு மருந்தாகும். தலையில் அடிபட்டு மூளையதிர்ச்சி ஏற்பட்டால் கதை வேறு. முதல் ஓரிரு நாள் படிப்பையும் திரையையும் குறைத்து, பிறகு மருத்துவர் சொல்லும் படியில் சிறிது சிறிதாக வகுப்புக்குத் திரும்ப வேண்டும். வழக்கமான படிப்பை முழுமையாகத் தாங்கும் நிலை வந்த பிறகே முழு ஆட்டத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதே மருத்துவ நடைமுறை. தலைவலியை மறைத்துக்கொண்டு தேர்வு எழுதப் போகாதீர்கள். மருத்துவச் சான்றைத் துறை அலுவலகத்தில் அன்றே கொடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே பின்தங்கிவிட்டவர்களுக்கு

பருவத்தின் நடுவில் இதைப் படிப்பவர்கள் எல்லாப் பாடத்தையும் ஒரே வாரத்தில் பிடித்துவிட முயல வேண்டாம். பாடத்தை விலக்கிக்கொள்வதற்கான கடைசித் தேதி எது, விலக்கினால் முழுநேர மாணவருக்குரிய குறைந்தபட்சக் கிரெடிட்டுக்குக் கீழே போய்விடுவீர்களா, அதனால் ஆடும் தகுதியும் உதவித்தொகையும் பாதிக்கப்படுமா என்ற மூன்றையும் ஆலோசகரிடம் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு, மிகவும் பின்தங்கியிருக்கும் ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு அதன் பேராசிரியரிடம் போங்கள். “எனக்கு ஒன்றும் புரியவில்லை” என்று சொன்னால் அவரால் எங்கிருந்து தொடங்குவது என்று சொல்ல முடியாது. நோட்டைப் புரட்டி, கடைசியாக எந்த வரி வரை புரிந்ததோ அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் மேசையில் வையுங்கள்.