இன்டர்ஃபெரான் வைரஸைத் தொடுவதே இல்லை

வைரஸ் தாக்கிய செல், மற்றச் செல்களை எச்சரிக்கச் சுரக்கும் புரதம்தான் இன்டர்ஃபெரான். ‘இன்டர்ஃபெரான் வைரஸைக் கொல்லும்’ என்ற வரியைத் தேர்வுத்தாள்களில் அடிக்கடி பார்க்கலாம். மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது, அதுதான் வருத்தம்.

1957இல் லண்டனில் அலிக் ஐசக்ஸும் ஜீன் லிண்டன்மானும் சூட்டால் செயலிழந்த இன்ஃபுளுவென்சா வைரஸைக் கோழிமுட்டைச் சவ்வுத் துண்டுகளோடு ஊறவைத்தார்கள். ஊறிய திரவத்தைப் புதிய சவ்வுக்கு மாற்றினால், அதில் உயிருள்ள வைரஸ் பெருக மறுத்தது. அங்கே மாறியது வைரஸ் அல்ல, சவ்வின் செல்கள். இன்டர்ஃபெரான் செல்லின் ஏற்பியில் அமர்கிறது. உள்ளே நூற்றுக்கணக்கான மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. அவற்றில் ஒன்று உருவாக்கும் பிகேஆர் என்ற புரதம், வைரஸின் இரட்டை இழை ஆர்என்ஏவைக் கண்டதும் செல்லின் புரத உற்பத்தியையே நிறுத்துகிறது. ஆர்என்ஏஸ்-எல் என்ற நொதியோ வைரஸ் ஆர்என்ஏவோடு செல்லின் சொந்த ஆர்என்ஏவையும் சேர்த்தே வெட்டுகிறது. திருடனைப் பட்டினி போட வீட்டு அடுப்பையே அணைக்கிற கதை.

நடுவில் இருக்கும் இந்தச் செல்லை மறப்பதால்தான் மற்றத் தவறுகளும் வருகின்றன. இன்டர்ஃபெரானைப் போலச் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லச் சுரக்கும் புரதங்களுக்குச் சைட்டோகைன்கள் என்று பெயர். எல்லா சைட்டோகைன்களும் வைரஸுக்கு எதிரி என்று நம்புவது அந்தத் தவறுகளில் பெரியது. அழற்சியைத் தூண்டும் சைட்டோகைனான டிஎன்எஃப்-ஆல்ஃபாவை எடுத்துக்கொள்ளுங்கள். அது செல்லுக்குள் என்எஃப்-கப்பா-பி என்ற புரதத்தை முடுக்கிவிடும். எச்ஐவியோ, அதே புரதம் வந்து அமர்வதற்கான இடத்தைத் தன் மரபணுத் தொடரின் முனையிலேயே வைத்திருக்கிறது. விளைவு, அழற்சிக்கான அழைப்பு மணி அடித்தால் உறங்கிக்கிடந்த எச்ஐவியும் எழுந்து நகலெடுக்கத் தொடங்குகிறது. ஓசி43 என்ற சளிக் கொரோனா வைரஸ் இன்னும் கெட்டிக்காரன். இன்டர்ஃபெரான் தூண்டும் காவல் புரதங்களையே செல்லுக்குள் நுழையும் வாசலாக்கிக்கொள்கிறது.

எந்தச் செல்லில் சோதித்தோம் என்று பாராமல் முடிவைப் பொதுவாக்குவதும் வழக்கமான சறுக்கல். வைரஸ் ஆய்வகங்களின் செல்லப்பிள்ளையான வீரோ செல்கள், குரங்குச் சிறுநீரகத்திலிருந்து வந்தவை. முதல் வகை இன்டர்ஃபெரானை அவற்றால் சுரக்க முடியாது, அதற்கான மரபணுக்கள் தொலைந்துபோயின. வெளியிலிருந்து ஊற்றினால் மட்டும் பதில் கிடைக்கும். அங்கே வைரஸ் தாராளமாகப் பெருகியது என்பதை வைத்து மனித நுரையீரல் செல்லைப் பற்றி முடிவெடுப்பது எப்படி?

ஊற்றும் நேரமும் முக்கியம். தொற்றுக்கு முந்தைய நாள் ஊற்றியதற்கும், வைரஸ் உள்ளே குடியேறிய பிறகு ஊற்றியதற்கும் ஒரே பலனை எதிர்பார்க்கக் கூடாது; பல வைரஸ்கள் அதற்குள் சமிக்ஞைப் பாதையையே அறுத்திருக்கும்.

அளவீட்டில் இருப்பவை எளிதில் கண்ணில் படாத குழிகள். பிசிஆர் காட்டுவது ஆர்என்ஏவின் அளவை. தொற்றக்கூடிய வைரஸ் எத்தனை என்பதற்கு, செல் படலத்தில் வைரஸ் உண்டாக்கும் ஓட்டைகளை எண்ணும் பிளேக் சோதனை வேண்டும். எண்ணிக்கை சரிந்தால், தட்டில் செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று முதலில் நுண்ணோக்கியில் பாருங்கள். பாதி செல்கள் உருண்டு மிதந்தால், குறைந்தது வைரஸ் பெருகும் இடம்தான்.

பாக்டீரியாவில் தயாரித்த சைட்டோகைனில், அந்தப் பாக்டீரியாவின் உறையிலிருந்து வரும் நச்சான எண்டோடாக்சின் ஒட்டிக்கொண்டிருக்கலாம். நோயெதிர்ப்புச் செல்களான மேக்ரோஃபேஜ்கள் அதற்கே இன்டர்ஃபெரான் சுரந்துவிடும். சந்தேகம் வந்தால் மாதிரியின் ஒரு பகுதியைக் கொதிக்கவைத்து ஊற்றிப் பாருங்கள். பெரும்பாலான சைட்டோகைன்கள் கொதியில் சிதைந்துவிடும், எண்டோடாக்சின் தாங்கும். கொதித்த பிறகும் வைரஸ் அடங்கினால், குப்பியின் மேல் எழுதியிருக்கும் பெயரை நம்ப வேண்டாம்.