முகடு ஒழுகியதற்குக் காரணம் ஓடு இல்லை

மங்களூர் ஓடு வேய்ந்த பழைய வீடு. மழை வந்தால் முகட்டில் ஒழுகும். முகட்டு ஓட்டை மாற்றினோம், கலவை பூசினோம். அடுத்த மழையில் அதே இடம். பக்கச் சுவர் விரிசலைச் சிமெண்ட் வைத்து அடைத்தோம், அதுவும் மறுபடி வாய் பிளந்தது.

அஸ்திவாரம் இறங்கிவிட்டது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் விரிசல் மேலே விரல் நுழையும் அகலம், கீழே மயிரிழை. தூக்குக்குண்டு போட்டால் சுவர் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. பரணில் ஏறிப் பார்த்தேன். குறுக்கு விட்டத்தை ரம்பத்தால் அறுத்து, இரு முனையிலும் ஒரு சாண் துண்டை மட்டும் விட்டிருந்தார்கள். தலை இடிக்கிறது என்று முன்பு இருந்தவர்கள் செய்த வேலை போல. இந்த விட்டம் பாரம் சுமப்பதில்லை; எதிரெதிர்க் கைமரங்கள், அதாவது ஓட்டைத் தாங்கும் சாய்வு மரங்கள், விரியாமல் இழுத்துப் பிடிப்பது. அது அறுந்ததால் கைமரங்கள் விரிந்து சுவரை வெளியே தள்ளின, முகட்டிலும் இடைவெளி விழுந்தது.

இன்ஜினியர் சொன்னபடி முதலில் ஓடுகளை இறக்கினோம். அப்புறம் கைமரங்களுக்கு ஜாக்கி முட்டு, அதுவும் பரண் பலகையில் அல்ல, நேராகத் தரையில். கம்பியில் டர்ன்பக்கிள் (திருகினால் கம்பியை இறுக்கும் கருவி) மாட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி இழுத்து, பழைய இடத்திலேயே புது விட்டத்தை ஆசாரி போல்ட்டால் இறுக்கினார். ஆணி மட்டும் அடித்தால் இழுப்புக்குக் கழன்று வரும். வாஷரும் பெரிதாக வேண்டும், இல்லாவிட்டால் நட் மரத்துக்குள் புதையும்.

சுவர் முழுதாக நிமிரவில்லை. அதற்கு மேல் இழுக்க வேண்டாம் என்று இன்ஜினியர் நிறுத்திவிட்டார். விரிசலை அதன்பிறகுதான் சுண்ணாம்புக் கலவையால் அடைத்தோம். ஒழுகல் நின்றது, அப்பாடா.